மெயில் கணக்கை ஏன் பூட்டுகிறார்கள்? பயன்பாட்டு விதி பற்றி ஓர் எளிய விளக்கம்

சிவகாசியில் காலண்டர், டைரி தொழில் செய்பவர்களுக்கு ஆடி மாதம்தான் ஆண்டின் தொடக்கம். ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக்கான ஆல்பத்தை வெளியிட்டு ஆர்டர் பிடிக்கத் தொடங்குவார்கள். என் அத்தானும் அந்தத் தொழிலில்தான் இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதம், விடிந்ததும் விடியாததுமாகப் போன் செய்தார். "மாப்ளே, என் மெயிலைப் பூட்டிட்டானுங்க. என்ன ஏதுன்னு பாரு."

விசாரித்தால் கதை இதுதான். யாரிடமோ 2,500 ரூபாய் கொடுத்து 18,000 மின்னஞ்சல் முகவரிகள் கொண்ட எக்செல் கோப்பு ஒன்றை வாங்கியிருக்கிறார். முதல் நாள் இரவு கடைப் பையனை உட்காரவைத்து, ஐம்பது ஐம்பது பேராக விலைப்பட்டியலை அனுப்பச் சொல்லியிருக்கிறார். இரண்டாயிரத்தைத் தொடுவதற்குள் நின்றுவிட்டது. காலையில் பார்த்தால், பழைய வாடிக்கையாளர்களுக்குப் போகவேண்டிய மெயிலும் போகவில்லை. உள்ளே வருவது மட்டும் வந்துகொண்டிருந்தது. அப்படி வந்திருந்ததில் மெயில் சேவை தரும் நிறுவனத்தின் கடிதமும் ஒன்று: ஏற்கத்தக்க பயன்பாட்டு விதிகளை மீறியதால் உங்கள் கணக்கிலிருந்து மெயில் அனுப்புவது நிறுத்தப்பட்டுள்ளது. தன் சேவையை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று நிறுவனம் வகுத்திருக்கும் விதிகள்தான் அவை.

அத்தானுக்குக் கோபம். "கெட்ட வார்த்தை எழுதினேனா, பொய் சொன்னேனா? பஸ் ஸ்டாண்டுல நோட்டீஸ் குடுக்கிறவன் ஒவ்வொருத்தன்கிட்டயும் கேட்டுட்டா குடுக்கிறான்?"

நியாயமான கேள்விதான். அச்சுத் தொழிலில் இருப்பவர் என்பதால் அவர் கணக்கிலேயே பதில் சொல்ல முடிந்தது. ஆயிரம் நோட்டீஸ் அடிக்கத் தாள், மை, கூலி என்று ஒரு தொகை ஆகும். பத்தாயிரம் என்றால் இன்னும் ஆகும். அந்தச் செலவே ஒரு கடிவாளம். யாருக்குக் கொடுத்தால் பலன் உண்டு என்று யோசித்துத்தான் கொடுப்போம். மெயிலில் அந்தக் கடிவாளம் கிடையாது. முதல் மெயிலுக்கும் பத்தாயிரமாவது மெயிலுக்கும் அனுப்புகிறவருக்கு ஏறக்குறைய ஒரே செலவு, அதாவது ஒன்றுமில்லை. செலவெல்லாம் எதிர்ப்பக்கம் விழுகிறது. வருகிற மெயிலை வாங்கும் சர்வர் என்ற கணினி, வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் மென்பொருள், சேமிக்கும் இடம், கடைசியில் அதைத் திறந்து பார்த்து அழிக்கும் மனிதரின் நேரம், எல்லாம் வாங்குகிறவர் கணக்கில். ஸ்டாம்ப் ஒட்டாத கடிதம் வந்தால் தபால்காரரிடம் இரட்டிப்புக் கட்டணம் கட்டித்தானே வாங்க வேண்டும்? கேட்காமலேயே மொத்தமாக வரும் மெயிலை ஸ்பேம் என்பார்கள்; அது அப்படி ஸ்டாம்ப் ஒட்டாமல் பல்லாயிரக்கணக்கில் வரும் கடிதம்.

இந்தத் தலைவலி ஏறக்குறைய மெயில் அளவுக்கே பழையது. 1978 மே 3ஆம் தேதி, டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி துர்க், தங்கள் புதிய கணினியின் செயல்விளக்கத்துக்கு வரும்படி ஆர்ப்பாநெட்டில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். ஆர்ப்பாநெட் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் ஓடிய வலையமைப்பு. இத்தனை முகவரிகளை ஒரே கடிதத்தில் தாங்கும் வசதி அன்றைய மென்பொருளுக்கு இல்லை. பெறுநர் பகுதியில் அடங்காத முகவரிகள் வழிந்து கடிதத்தின் உடலுக்குள்ளேயே வந்துவிட்டன. திறந்தவர்கள் முகவரிகளின் வரிசையைத் தாண்டித்தான் விஷயத்துக்கு வர வேண்டியிருந்தது. ராணுவத் தகவல் தொடர்பு அதிகாரிகளிடமிருந்து கண்டனம் வந்தது. இந்த வலையமைப்பு அரசு வேலைக்கு மட்டுமே, விளம்பரத்துக்கு அல்ல என்றார்கள்.

இன்றைய பயன்பாட்டு விதிகளின் பாட்டனார் இந்தக் கண்டனம்தான் என்பேன். அடுத்து வந்த என்.எஸ்.எஃப்.நெட் என்ற அமெரிக்க ஆராய்ச்சி வலையமைப்பு, 'ஏற்கத்தக்க பயன்பாட்டுக் கொள்கை' என்ற பெயரிலேயே ஓர் ஆவணம் வைத்திருந்தது. கல்வி, ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாம், வியாபாரத்துக்குக் கூடாது என்பது அதன் சாரம். 1995 ஏப்ரலில் அந்த முதுகெலும்பு வலையமைப்பை மூடிவிட்டார்கள். இணையம் தனியார் நிறுவனங்களின் கைக்கு வந்தது. வியாபாரம் செய்யலாமா என்ற கேள்வி அதோடு செத்துப்போனது. விதியின் பெயர் மட்டும் அப்படியே நிலைத்து, உள்ளே கேள்வி மாறியது: வாங்குகிறவர் இதைக் கேட்டாரா?

அத்தான் இடறிய இடமும் இதுதான். விதி கடிதத்தின் உள்ளடக்கத்தைப் பற்றியது என்று நினைத்திருந்தார். மோசடிக் கடிதம், வைரஸ், மிரட்டல், ஒருவருடைய பெட்டியை நிரப்பவென்றே ஆயிரம் மெயில் அனுப்புவது, அடுத்தவர் பெயரில் போலியாக அனுப்புவது, இதெல்லாம் கூடாது என்பது யாருக்கும் தெரியும், விதியிலும் இருக்கிறது. 'இதைப் பத்துப் பேருக்கு எழுதிப் போடாவிட்டால் ரத்தம் கக்கிச் சாவாய்' என்று ஒரு காலத்தில் போஸ்ட் கார்டில் வந்த சங்கிலிக் கடிதங்களைக்கூடப் பெயர் சொல்லித் தடை செய்த விதிகள் உண்டு. ஆனால் விதியின் மையம் வேறு. கேட்காதவர்களுக்கு, மொத்தமாக, ஒரே கடிதத்தை அனுப்பக் கூடாது. கேட்காதவர், மொத்தம் என்ற இரண்டும் சேர்ந்தால்தான் ஸ்பேம். முன்பின் தெரியாத ஒரு வியாபாரிக்கு நீங்கள் யோசித்து எழுதும் ஒற்றைக் கடிதம் ஸ்பேம் அல்ல. கேட்டுப் பதிந்துகொண்ட பத்தாயிரம் பேருக்கு அனுப்பும் செய்தி மடலும் ஸ்பேம் அல்ல. கேட்காத பத்தாயிரம் பேருக்கு அனுப்பினால், அது கோயில் கும்பாபிஷேக அழைப்பாக இருந்தாலும் ஸ்பேம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பலர் கேட்பார்கள். அமெரிக்காவில் 2004 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, கேட்காதவருக்கும் விளம்பர மெயில் அனுப்பலாம், ஆனால் வேண்டாம் என்றவரைப் பத்து வேலை நாளுக்குள் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும். ஐரோப்பாவில் தனிநபருக்கு விளம்பர மெயில் அனுப்ப, பொதுவாக முதலிலேயே சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். இந்தியாவில் மெயில் ஸ்பேமுக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆனால் கணக்கைப் பூட்டச் சட்டம் தேவையில்லை. கணக்குத் தொடங்கும்போது படிக்காமலேயே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று தட்டினோமே, அந்த ஒப்பந்தம் போதும். நாட்டின் சட்டம் அனுமதிப்பதை மெயில் நிறுவனம் தடுக்கலாம். தடுக்கவும் செய்கிறது.

நான்கு பேர் வாயில் விழும் பெயர்

சரி, வாடிக்கையாளரை இழந்தாவது அவர்கள் ஏன் தடுக்க வேண்டும்? பொதுநலமா? இல்லை, தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

மெயில் அனுப்பும் ஒவ்வொரு சர்வருக்கும் ஓர் ஐ.பி. முகவரி, அதாவது இணையத்தில் அதை அடையாளம் காட்டும் எண், உண்டு. அந்த முகவரிக்கு ஊரில் மனிதருக்கு இருப்பதுபோலவே நல்ல பெயர், கெட்ட பெயர் உண்டு. எந்த சர்வரும் வருகிற எல்லா மெயிலையும் வாங்கிக்கொள்ளக் கடமைப்பட்டதல்ல. எதிரே வருவது யார் என்று விசாரித்துவிட்டுத்தான் கதவைத் திறக்கும். விசாரிக்கும் விதம் சுவாரசியமானது. 192.0.2.45 என்ற முகவரியிலிருந்து ஒருவர் வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்கும் சர்வர் அந்த எண்களைத் தலைகீழாக்கி, 45.2.0.192 என்று எழுதி, அதன் பின்னால் ஒரு தடைப்பட்டியல் நடத்தும் அமைப்பின் பெயரை ஒட்டி, இணையத்தின் பெயர்ப் பதிவேடான டி.என்.எஸ்.ஸிடம் கேட்கும். 'அப்படி ஒருவர் இல்லை' என்று பதில் வந்தால் நல்லது. 127.0.0 என்று தொடங்கும் ஒரு பதில் வந்தால், பெயர் பட்டியலில் இருக்கிறது என்று பொருள். கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

இந்த முறையைத் தொடங்கிவைத்தது 1997இல் பால் விக்ஸி முதலியோர் நடத்திய மேப்ஸ் என்ற அமைப்பின் பட்டியல். இன்று எல்லாரும் பயப்படும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பை 1998இல் ஸ்டீவ் லின்ஃபர்ட் தொடங்கினார். ஸ்பாம்ஹவுஸ் பட்டியல்களில் ஒன்று வேடிக்கையானது. வீட்டு இணைப்புகளுக்குத் தரப்படும் முகவரிகள் மொத்தமாக அதில் இருக்கும், ஏனென்றால் வீட்டுக் கணினி நேரடியாக இன்னொரு சர்வருக்கு மெயில் அனுப்ப வேலையில்லை. தன் ஐ.பி. அதில் இருப்பதைப் பார்த்துப் பதறியவர்கள் பலரை எனக்குத் தெரியும். பதற ஒன்றுமில்லை, அது குற்றச்சாட்டு அல்ல.

இப்போது அத்தானின் நிலைமைக்கு வருவோம். அவருடையது போன்ற சிறு கணக்குகள் நூற்றுக்கணக்கில் ஒரே சர்வரில், ஒரே ஐ.பி. முகவரியில் இருக்கும். அந்த முகவரி பட்டியலில் ஏறினால், அதே சர்வரில் இருக்கும் யாரோ ஒரு டாக்டரின் மெயிலும் திரும்பிவரும், ஒரு பள்ளிக்கூடத்தின் மெயிலும் திரும்பிவரும். அவர்களுக்குக் காரணமே புரியாது. ஒருவரைப் பூட்டாவிட்டால் எல்லாரும் பூட்டப்படுவார்கள் என்னும்போது நிறுவனம் யோசிப்பதில்லை. முதலில் பூட்டு, பிறகு பேச்சு.

அவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அத்தான் கடிதத்தை உட்கார்ந்து படித்தார்கள் என்று நினைத்து அவர் மனம் நொந்தார். படிக்கத் தேவையே இல்லை. வாங்கும் சர்வர் ஒவ்வொரு மெயிலுக்கும் மூன்று இலக்க எண்ணில் பதில் சொல்லும். 2இல் தொடங்கினால் வாங்கிக்கொண்டேன். 4இல் தொடங்கினால் இப்போது முடியாது, கொஞ்ச நேரம் கழித்து வா. 5இல் தொடங்கினால் முடியாது, திரும்ப வராதே. 'இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை' என்பதற்கு வழக்கமாக வரும் எண் 550. சொந்த வாடிக்கையாளர்களுக்கு அனுப்பினால் நூற்றுக்கு ஒன்றிரண்டு 550 வரலாம். அத்தானின் பெட்டியைத் திறந்து பார்த்தபோது, திரும்பிவந்த கடிதங்கள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. காசு கொடுத்து வாங்கிய பட்டியலின் அங்க அடையாளமே அதுதான். விற்றவர் அதை எத்தனை ஆண்டுக்கு முன் எங்கிருந்து பொறுக்கினாரோ!

அந்தப் பட்டியல்களில் கண்ணிகளும் இருக்கும். தடைப்பட்டியல் நடத்துபவர்கள், எந்த மனிதருக்கும் சொந்தமில்லாத, யாரிடமும் கொடுக்கப்படாத முகவரிகளை இணையப் பக்கங்களில் கண்ணுக்குத் தெரியாமல் எழுதி வைப்பார்கள். முகவரி பொறுக்கும் நிரல் அதையும் அள்ளிக்கொண்டு போகும். அந்த முகவரிக்கு ஒரு மெயில் வந்தாலே போதும், அனுப்பியவரின் பட்டியல் கேட்டுச் சேர்த்ததல்ல என்பது வெட்டவெளிச்சம். யாரோ பல ஆண்டுகளுக்கு முன் கைவிட்ட முகவரியை மறுபடி உயிர்ப்பித்துக் கண்ணியாக வைப்பதும் உண்டு.

இவை போக, நாம் அலட்சியமாகத் தட்டும் 'ஸ்பேம்' பொத்தான் இருக்கிறது. யாஹூ, மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்களில், நீங்கள் அதைத் தட்டினால், முன்பே பதிந்துகொண்டிருக்கும் அனுப்பும் நிறுவனத்துக்கு ஒரு பிரதி புகாராகப் போய்ச் சேரும். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் விதியை இன்னும் இறுக்கிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் ஐயாயிரமோ அதற்கு மேலோ அனுப்புகிறவர்கள், கடிதம் தங்களுடையதுதான் என்பதை நிரூபிக்கும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டி.மார்க் ஏற்பாடுகளைச் செய்திருக்க வேண்டும். விளம்பர மடல் என்றால் ஒரே தட்டில் விலகும் வசதி தர வேண்டும். புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. ஆயிரம் பேரில் மூன்று பேர்! எந்தக் கல்யாண வீட்டுச் சாப்பாட்டிலும் ஆயிரத்துக்கு மூன்று பேர் குறை சொல்லாமல் போவதில்லை.

முறைகேட்டுப் பிரிவு என்ற மேசை

1997 மே மாதத்தில் வந்த ஆர்.எஃப்.சி. 2142 என்ற இணைய ஆவணம் ஒரு சின்ன ஏற்பாட்டைச் செய்தது. ஒவ்வொரு நிறுவனமும் 'அப்யூஸ்', அதாவது முறைகேடு, என்ற பெயரில் ஒரு மெயில் முகவரி வைத்திருக்க வேண்டும். தன் வலையமைப்பிலிருந்து நடக்கும் முறைகேடுகளைப் பற்றி வெளியார் புகார் சொல்ல அதுதான் வாசல். அதன் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களைத் துறையில் அப்யூஸ் டெஸ்க் என்பார்கள்.

அந்த மேசைக்கு வேலை எப்படிக் குவியும் என்பதற்கு 1994ஆம் ஆண்டுக் கதை ஒன்று போதும். அரிசோனாவைச் சேர்ந்த கேன்டர், சீகல் என்ற வழக்கறிஞர் தம்பதி, அமெரிக்க கிரீன் கார்டு குலுக்கலுக்கு விண்ணப்பித்துத் தருவதாக ஒரு விளம்பரத்தை ஏப்ரல் 12ஆம் தேதி யூஸ்நெட்டின் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்களில் போட்டார்கள். யூஸ்நெட் என்பது பலரும் கூடி விவாதிக்கும் குழுக்களின் வலையமைப்பு, மெயில் அல்ல, ஆனால் எரிச்சலடைந்தவர்கள் பழிவாங்கியது மெயிலில். வந்து குவிந்த கண்டனங்களைத் தாங்காமல் அவர்களுக்கு இணைப்புக் கொடுத்த ஃபீனிக்ஸ் நகர நிறுவனத்தின் கணினிகள் படுத்துவிட்டன. நிறுவனம் அவர்கள் கணக்கை மூடியது. விளம்பரம் செய்தவர்களைவிட இடம் கொடுத்தவருக்குத்தான் முதல் அடி என்பதை மற்ற நிறுவனங்கள் பார்த்துக்கொண்டன.

இன்றைக்கு மேசையில் நடப்பது பெரும்பாலும் படிப்படியாகத்தான். புகாருக்கு ஒரு எண் கொடுப்பார்கள். பதிவேட்டைப் பார்த்து எந்த வாடிக்கையாளர் என்று தேடுவார்கள். உண்மையில் நிறையப் பேர் அத்தானைப்போல வேண்டுமென்று செய்தவர்கள்கூட இல்லை. பாஸ்வேர்டு திருடு போயிருக்கும், அல்லது கணினியில் ஏதோ புகுந்து உரிமையாளருக்குத் தெரியாமல் ராத்திரியெல்லாம் மெயில் அனுப்பிக்கொண்டிருக்கும். அவர்களுக்கு எச்சரிக்கை, வேகக் கட்டுப்பாடு, தற்காலிகப் பூட்டு. தெரிந்தே திரும்பத் திரும்பச் செய்பவர்களுக்கு நிரந்தரமாக வெளியேற்றம். வீட்டு இணைப்பு தரும் பல நிறுவனங்கள் இன்னொன்றும் செய்கின்றன. சர்வருக்குச் சர்வர் மெயில் போகும் போர்ட் 25 என்ற வழியை வீட்டு வாடிக்கையாளருக்கு மொத்தமாக அடைத்துவிடுகின்றன. நாம் மெயில் அனுப்ப 587, 465 என்ற வேறு வழிகள் உண்டு, அவற்றில் பாஸ்வேர்டு கொடுத்துத்தான் நுழைய முடியும். அதனால் அடைத்தது நமக்குத் தெரிவதே இல்லை.

நிறுவனமே கண்டுகொள்ளாவிட்டால்? அதற்கும் மேலே ஒருவர் இருக்கிறார். கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் மெக்கோலோ என்று ஒரு சர்வர் நிறுவனம் இருந்தது. உலகம் முழுக்க ஸ்பேம் கக்கிய கணினிக் கூட்டங்களை ஆட்டிவைத்த சர்வர்கள் அங்கே இருந்தன. 2008 நவம்பர் 11ஆம் தேதி, அதற்கு இணைப்பு வழங்கிய இரண்டு பெரிய நிறுவனங்களும் கம்பியை வெட்டின. உலக ஸ்பேம் அளவு ஒரே நாளில் பாதிக்கு மேல் சரிந்தது. சில மாதங்களில் பழையபடி ஏறியும்விட்டது, வேறு கதை.

அத்தான் முதலில் அனுப்ப நினைத்த பதிலில், ஏழு ஆண்டாகப் பணம் கட்டுகிறேன், நுகர்வோர் நீதிமன்றம் போவேன் என்றெல்லாம் இருந்தது. அதை நிறுத்திவிட்டு, நான்கு வரியில் எழுதினோம். பட்டியல் விலைக்கு வாங்கியது. அழித்துவிட்டோம். பாஸ்வேர்டை மாற்றிவிட்டோம். இனிமேல் எங்களிடம் வாங்கியவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் மட்டும் அனுப்புவோம். அந்த மேசையில் இருப்பவருக்குத் தேவை இவ்வளவுதான்: என்ன நடந்தது, நின்றுவிட்டதா, திரும்ப நடக்குமா. இரண்டாம் நாள் மாலை கணக்கு திறந்தது. ஒரு பெரிய மெயில் நிறுவனம் மட்டும் அடுத்த சில நாட்களுக்கு அத்தானின் மெயிலை ஸ்பேம் பெட்டியிலேயே போட்டுக்கொண்டிருந்தது.

ஒரு வாரத்தில், பட்டியல் விற்ற அதே ஆள் அத்தானுக்கு மெயில் அனுப்பினார். புதிய பட்டியல், ஒரு லட்சம் முகவரி, சலுகை விலை. அத்தானுக்கு ரத்தம் கொதித்தது. புகார் செய்யலாம் வா என்று உட்கார்ந்தோம்.

ஜிமெயில் என்றால், கடிதத்தைத் திறந்து, மூன்று புள்ளியைத் தட்டி, அசலைக் காட்டச் சொன்னால், கடிதத்துக்கு மேலே தலைப்பு விவரங்கள் நீளமாக வரும். அதில் 'ரிசீவ்ட்' என்று தொடங்கும் வரிகள், தபால் உறையில் விழும் முத்திரைகள் மாதிரி. கைமாறிய ஒவ்வொரு சர்வரும் தன் முத்திரையை மேலே மேலே குத்திக்கொண்டு போகும். ஆகவே கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். ஆனால் நம்புவது மேலிருந்து கீழாக. மேலே இருப்பவை நம் மெயில் நிறுவனமே குத்தியவை. வெளியாளிடமிருந்து வாங்கியதாக அது எழுதிய வரியில், சதுர அடைப்புக்குள் ஓர் ஐ.பி. முகவரி இருக்கும். அதுவரை உண்மை. அதற்குக் கீழே இருப்பதை அனுப்பியவரே கைப்பட எழுதிச் சேர்த்திருக்கலாம். அனுப்புநர் என்று காட்டும் பெயரை நம்பிப் புகார் செய்தால், யாரோ அப்பாவியின் தலையில் விழும்.

அந்த ஐ.பி.யை யாருக்கு ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதைப் பதிவேட்டில் பார்க்கலாம். உலகத்தின் முகவரிகளை ஐந்து வட்டாரப் பதிவகங்கள் பிரித்துக் கொடுக்கின்றன. நம் ஆசியப் பகுதிக்கு ஏப்னிக், அதன் அலுவலகம் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில். அங்கே எண்ணைப் போட்டுத் தேடினால், முறைகேட்டுப் புகாருக்கான முகவரியும் வரும். அதற்குத் தலைப்பு விவரங்களோடு முழுக் கடிதத்தையும் எழுத்தாகவே அனுப்ப வேண்டும், திரையைப் படமாகப் பிடித்து அல்ல. நேரத்தைக் குறிக்கும்போது எந்த நாட்டு நேரம் என்பது மிக முக்கியம். பல இணைப்புகளில் ஒரே ஐ.பி. காலையில் ஒருவருக்கும் மாலையில் இன்னொருவருக்கும் போகும். நம் நேரத்துக்கும் கிரீன்விச் நேரத்துக்கும் உள்ள ஐந்தரை மணி நேரத்தைக் கோட்டைவிட்டால், பிடிபடுவது அடுத்த வீட்டுக்காரர்.

அத்தான் புகாரில் நாலு வசவைச் சேர்க்கச் சொன்னார். நான் சேர்க்கவில்லை. தானியங்கிப் பதிலாக ஒரு புகார் எண் வந்தது. அதோடு சரி. என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள், அது அவர்களுக்கும் அவர்கள் வாடிக்கையாளருக்கும் இடையிலான விஷயம்.

பத்து நாள் கழித்து அதே விளம்பரம், வேறொரு வலையமைப்பிலிருந்து வந்தது. நான் ஊரில் இல்லை. அத்தானே தலைப்பு விவரத்தை எடுத்து, அடைப்புக்குள் இருந்த எண்ணைத் தேடி, புகார் அனுப்பிவிட்டு எனக்குப் போன் செய்தார். "நேரத்தைக் கரெக்டாப் போட்டுட்டேன் மாப்ளே. வசவும் ஒண்ணே ஒண்ணுதான்."